மலைமேல் விஞ்ஞானம்



திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூரிலிருந்து மேற்கே செல்லும் சாலை, சிறிது தூரம் வயல்களுக்கிடையே ஓடி, பின்னர் மலையேறத் தொடங்குகிறது. வளைவுக்கு மேல் வளைவாக ஏறிச் செல்லும் பேருந்தில் அமர்ந்திருப்போர், கீழ்நாட்டு வெப்பம் சிறிது சிறிதாக விலகுவதைத் தம் உடலாலேயே உணரலாம். ஏற்றம் முடிந்ததும் சாமைக் கொல்லைகளும் பலாமரங்களும் புளியமரங்களும் கண்ணில் படும். அங்கேதான் ஜவ்வாது மலையின் தலைமையூராகிய ஜமுனாமரத்தூர் அமைந்திருக்கிறது. அம்மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். பெயரைக் கேட்டு அவர்களைக் கேரள நாட்டினர் என்று எண்ணிவிடலாகாது. மலையில் வாழ்வோர் என்பதே அச்சொல்லின் பொருள்; அவர்கள் பேசுவது தமிழே.

அவ்வூரை அடுத்த பள்ளி ஒன்றில் விஞ்ஞான ஆசிரியனாகப் பல ஆண்டுகள் பணியாற்றும் பேறு எனக்குக் கிடைத்தது. புதிய ஆராய்ச்சிகள் கல்வியையும் மருத்துவத்தையும் அன்றாட வாழ்வையும் எவ்வாறு மாற்றுகின்றன என்பது பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டபோது, முதலில் தயங்கினேன். பெருநகரத்து ஆய்வுக்கூடங்களைப் பற்றிப் பேச என்னினும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர் அன்றோ? ஆயின், அம்மலையில் ஓர் எளிய பெண்மணி என்னிடம் கேட்ட கேள்வி ஒன்று நினைவுக்கு வந்தது. அன்று என்னால் அதற்கு விடை கூற இயலவில்லை. இன்று ஓரளவு இயலும் என்று நம்புகிறேன். அந்த விடையே இப்பேச்சு.

ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் செல்லும் மலைச்சாலையில் காவலூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. இன்று அது திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மலை என்னவோ ஒரே மலைதான். அங்கே மரங்களுக்கு மேலாக வெண்ணிறக் குவிமாடம் ஒன்று எழுந்து நிற்கும். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அதனை ‘வெள்ளைக் குண்டு’ என்பார்கள். அதுவே உலகம் அறிந்த வைணு பாப்பு வானாய்வகம்.

வைணு பாப்பு 1927-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தவர். 1960-ஆம் ஆண்டில் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். சூரியனை நோக்குவதற்குக் கொடைக்கானல் சிறந்த இடமாயினும், விண்மீன்களை நோக்குவதற்கு வேறோர் இடம் வேண்டும் என்று அவர் கருதினார். தெளிந்த வானமும், இருண்ட இரவும், நிலநடுக்கோட்டுக்கு அண்மையும் ஒருங்கே அமைந்த இடம் தேடிக் காவலூரைத் தேர்ந்தார். நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ பன்னிரண்டரைப் பாகை வடக்கே அவ்வூர் இருப்பதால், வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் அங்கிருந்து காணலாம். 1968-இல் 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறிய தொலைநோக்கி ஒன்றுடன் பணி தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர்த் தொலைநோக்கி வந்தது. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியை நம் நாட்டினரே வடிவமைத்து உருவாக்கினர். அது 1986-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்றது. அதற்கு முன்பே, 1982-இல், பாப்பு காலமாகிவிட்டார். விதைத்தவர் கனியைக் காணவில்லை.

1977-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் என்னும் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றது. கோள் வந்து மறைப்பதற்கு முன்னரே அவ்விண்மீனின் ஒளி சற்று மங்குவதைக் காவலூரில் நோக்கியவர்கள் பதிவு செய்தனர். விமானத்தில் ஏறிப் பறந்தவாறே நோக்கிய அமெரிக்கக் குழுவினரும் அவ்வாறே கண்டனர். யுரேனசைச் சுற்றி வளையங்கள் இருக்கும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. 1988-இல் காவலூரில் கண்டறியப்பெற்ற குறுங்கோள் ஒன்று, கணித மேதை இராமானுஜன் பெயரைத் தாங்கி இன்றும் சூரியனைச் சுற்றி வருகிறது.

1990-களின் பிற்பகுதியில் ஒரு நாள் எங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் காவலூருக்கு அழைத்துச் சென்றேன். சிறிய தொலைநோக்கி ஒன்றின் வழியே அவர்கள் நிலவைக் கண்டனர். அதுவரை நான் கரும்பலகையில் வட்டம் வரைந்து, உள்ளே சில புள்ளிகள் வைத்து, இவை பள்ளங்கள் என்று சொல்லி வந்தேன். பிள்ளைகளும் ஏட்டில் வட்டம் வரைந்து புள்ளி வைத்துக்கொண்டனர். அன்றைய இரவுக்குப் பிறகு அவர்கள் கேட்ட கேள்விகளே வேறாயின. பள்ளத்தின் ஒரு பக்கம் மட்டும் ஏன் கருத்திருக்கிறது? அந்த நிழலை அளந்தால் பள்ளத்தின் ஆழம் தெரியுமா? ஏட்டுக் கல்வி விடைகளைத் தரும். ஆராய்ச்சியைத் தன் கண்ணால் காணும் பிள்ளையோ கேள்வி கேட்கக் கற்றுக்கொள்கிறது. புதுமை கல்விக்குச் செய்யும் முதல் நன்மை இதுவே என்பது என் துணிபு. விலையுயர்ந்த கருவிகளைப் பள்ளியில் அடுக்கி வைப்பது இதற்கு அடுத்தபடியே.

அவ்வாறு வந்த பிள்ளைகளுள் ஒருவன் மிகவும் சூட்டிகையானவன். அவ்வாண்டு மழைக்காலம் முடிந்து பனி இறங்கிய நாட்களில் அவன் தந்தைக்குக் காய்ச்சல் கண்டது. கொல்லையில் வேலை செய்துவிட்டு வந்தவர், தலைவலி என்று படுத்தார். வழியில் கண்டபோது பையன் என்னிடம் சொன்னான். காய்ச்சல் மாத்திரை கொடுத்து ஓய்வெடுக்கச் சொல் என்று நானும் சொன்னேன். ஒரு வாரம் கழித்து மூச்சுத் திணறல் ஏற்பட்டது. அதன்பின் அவரைக் கீழே கொண்டு சென்றனர். அங்கே வேறு நோய்க்குரிய மருந்துகள் செலுத்தப்பெற்றன. மூன்றாம் நாள் அவர் இறந்தார்.

துக்கம் விசாரிக்கச் சென்றேன். திண்ணையில் அமர்ந்திருந்த அவர் மனைவி நெடுநேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “வாத்தியாரே, வானத்துல அவ்ளோ தொலைவுல இருக்கிறதை எல்லாம் கண்ணாடி வெச்சுப் பாக்கிறாங்கன்னு பையன் சொன்னான். எங்க வூட்டுக்காரருக்கு வந்த காய்ச்சல் என்னான்னு பாக்கிறதுக்கு ஒரு கண்ணாடி இல்லையா?” என்று கேட்டார்.

நேயர்களே, இதுவே அந்தக் கேள்வி. அதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஏக்கமே இருந்தது. நான் தலைகுனிந்து திரும்பினேன்.

அவருக்கு வந்த காய்ச்சல் இன்னதென்று அன்று யாரும் சோதித்துச் சொல்லவில்லை. ஆகவே இன்று நான் அதற்குப் பெயரிடுவது முறையன்று. ஆனால் அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது, எங்கள் வட்டாரத்தில் அத்தகைய காய்ச்சல்களுக்குக் காரணமான நோய் ஒன்றைப் பற்றி அறிந்துகொண்டேன். அதற்கு ஸ்க்ரப் டைபஸ் என்று பெயர். செய்தித்தாள்கள் அதனை உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. புல்லிலும் புதரிலும் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியின் மிகச் சிறிய இளம்பூச்சி மனிதரைக் கடிக்கிறது. கடி வலிப்பதில்லை, பெரும்பாலும் தெரிவதும் இல்லை. அதன் வழியே நோய்க்கிருமி உடலுள் புகுகிறது. பல நாட்கள் கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் தோன்றும். கடித்த இடத்தில், பலருக்கு, சுருட்டு நெருப்பால் சுட்டாற்போன்ற சிறிய கரிய பொருக்கு ஒன்று உண்டாகும். அது அக்குளிலோ தொடையிடுக்கிலோ இடுப்பிலோ மறைந்திருக்கும். தேடினாலொழியக் காண இயலாது. காலம் தாழ்த்தினால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்பெறும். இதில் வருந்தத்தக்க செய்தி யாதெனின், பென்சிலின் வகையைச் சேர்ந்த மருந்துகள் எத்தனை உயர்ந்தவையாயினும் இக்கிருமியின்மீது பயன் தருவதில்லை.

இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் போரிட்ட வீரர்களை இந்நோய் பெரிதும் வாட்டியது. அதனால் வல்லரசுகள் இதற்கு மருந்து தேடின. 1948-ஆம் ஆண்டில் ஸ்மேடல் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் தம் குழுவினருடன் கோலாலம்பூருக்குச் சென்று, குளோரம்பெனிக்கால் என்னும் புதிய மருந்தை இந்நோயாளிகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டார். பின்னர் டாக்ஸிசைக்ளின் என்னும் மருந்து வந்தது. அதன் விலை மிகக் குறைவு. தக்க காலத்தில் கொடுத்தால் பெரும்பாலோர்க்கு இரண்டு நாட்களில் காய்ச்சல் தணியும்.

இந்த ஆண்டுக் கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள். மருந்து 1948-லேயே மனிதன் கையில் இருந்தது. அரை நூற்றாண்டு கழிந்த பின்னும், எங்கள் மலையில் காய்ச்சல் கண்டவரின் அக்குளில் கரிய பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. என்னைப் போன்ற எத்தனையோ பேருக்குத் தெரியாது. அந்தப் பெண்மணி கேட்ட கண்ணாடி உலகில் இருந்தது. அது மலையேறி வரவில்லை. அவ்வளவே. ஒரு கண்டுபிடிப்பு பிறக்கும் நாள் வேறு. அது நம் வாசலை வந்து அடையும் நாள் வேறு. இவ்விரண்டு நாட்களுக்கும் இடையேதான் மக்கள் இறக்கின்றனர்.

இந்த இடைவெளி தானாகக் குறைவதில்லை. யாரேனும் மலையின் கேள்வியைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள் அதனைக் கேட்டனர். குளிர்மாதங்களில் வந்து குவியும் காய்ச்சல்களை ஆராய்ந்து, அவற்றுள் இந்நோய் இருப்பதை 2003-இல் வெளியிட்டனர். அதன்பின் மருத்துவர்கள் பொருக்கைத் தேடத் தொடங்கினர். இரத்தச் சோதனைகளும் பரவின. 2023-ஆம் ஆண்டில் வேலூர் மருத்துவர்களின் தலைமையில் நம் நாட்டு மருத்துவமனைகள் ஏழில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு வெளிவந்தது. நோய் முற்றிய நிலையில் வந்த ஏறத்தாழ 800 பேரை மூன்று பிரிவாக்கி, இரு பிரிவினருக்கு ஒவ்வொரு மருந்து தனியாகவும், மூன்றாம் பிரிவினருக்கு டாக்ஸிசைக்ளினும் அஸித்ரோமைசினும் சேர்த்தும் ஊசி வழியே கொடுத்தனர். தனி மருந்து பெற்றோரில் 100-க்கு 47 அல்லது 48 பேருக்கு, காய்ச்சல் நீடித்தல், உறுப்புக் கோளாறு, மரணம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று நேர்ந்தது. இரண்டும் சேர்த்துப் பெற்றோரில் அவ்வாறானவர் 33 பேர். மரண எண்ணிக்கையை மட்டும் தனித்துப் பார்த்தால் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினர். விஞ்ஞானத்தின் நாணயம் அதுதான். எழுபது ஆண்டுகளுக்கு மேல் மருந்து தெரிந்திருந்த நோய்க்கு, எம்மருந்தை எவ்வாறு கொடுப்பது நன்று என்பதை உலகுக்கு அறிவித்தவர்கள் நம்மவர்கள்.

மற்றோர் ஆய்வு 2025-இல் வெளிவந்தது. தமிழ்நாட்டின் 37 சிற்றூர்களில் ஏறத்தாழ 32,000 மக்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். மருத்துவமனையில் அமர்ந்து நோயாளிக்காகக் காத்திராமல், சில வாரங்களுக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று, ‘காய்ச்சல் வந்ததா?’ என்று கேட்டனர். ஓராண்டில் கிராமத்து மக்களில் பத்தில் ஒருவர் வரை இக்கிருமியால் தொற்றப்பெறுகின்றனர் என்று அறிந்தனர். அவர்களுள் பலருக்கு நோய் தோன்றுவதே இல்லை; சிலருக்கோ உயிருக்கே கேடு விளைகிறது. வாசலில் நின்று கேட்ட கேள்வியே இங்கு ஆராய்ச்சிக் கருவியாயிற்று என்பதைக் கருதுக.

மருத்துவத்தை விட்டு இனி அடுப்பங்கரைக்கு வருவோம். சாமை எங்கள் மலையின் உணவு. மழை குறைந்தாலும் மண் மெலிந்தாலும் விளையும் தானியம் அது. ஆயினும் ஒரு தலைமுறைக் காலத்தில் சாமைக் கொல்லைகள் சுருங்கின. கடை அரிசி மலிவாகக் கிடைத்தது ஒரு காரணம். மற்றொரு காரணத்தைப் பெண்களைக் கேட்டால்தான் சொல்வார்கள். சாமையின் உமி மணியை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். உரலில் இட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்திப் புடைத்தாலன்றி ஒரு வேளைச் சோறு கிடைக்காது. கொல்லையில் பகலெல்லாம் உழைத்த பெண், மாலையில் உலக்கையையும் பிடிக்க வேண்டும். நெல் குத்தும் இயந்திரம் ஊர்தோறும் வந்து நெடுங்காலம் ஆயிற்று. சாமைக்கு ஏற்ற இயந்திரத்தைப் பற்றி நெடுநாள் யாரும் கவலைப்படவில்லை. உலக்கை பிடித்த கை ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கடிதம் எழுதவில்லை அல்லவா?

இப்பொழுது நிலை மாறிவருகிறது. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் 2014-இல் அமைந்தது. அங்கிருந்து ஏ.டி.எல். 1 என்னும் சாமை இரகம் 2019-இல் வெளிவந்தது. சாமைக்கெனச் செய்த உமி நீக்கும் இயந்திரங்களும் மலைமேலேயே இயங்குகின்றன. பெண்களின் மாலைப்பொழுது அவர்களிடமே திரும்பி வந்திருக்கிறது. அன்றாட வாழ்வில் விஞ்ஞானம் என்பதற்கு இதனினும் தெளிவான பொருள் எனக்குத் தெரியவில்லை. எனினும் இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். வெண்மை விரும்பி இயந்திரத்தில் மேலும் மேலும் தீட்டினால், தவிட்டோடு நார்ச்சத்தும் பிற சத்துக்களும் போய்விடும். உலக்கை விட்டுவைத்ததை இயந்திரம் எடுத்துவிடலாம். புதுமை எதுவாயினும், எவ்வளவு என்ற அளவு நம் கையில் இருத்தல் வேண்டும்.

அப்படியாயின் விண்மீன் ஆராய்ச்சி வீண்தானா என்று சிலர் கேட்கக்கூடும். அவ்வாறு நான் சொல்லவில்லை. விண்கலத்தில் வைப்பதற்கு எடை குறைந்த, மின்சாரம் குறைவாகச் செலவாகும் கேமரா வேண்டும் என்று 1990-களில் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் உருவாக்கிய ஒளியுணர் சில்லின் வழித்தோன்றலே, இன்று எங்கள் மலைப் பிள்ளைகளின் கைபேசியில் இருக்கிறது. மருத்துவர் குடலுள் செலுத்திப் பார்க்கும் சிறு கேமராவிலும் அவ்வினமே இருக்கிறது. தொலைவைப் பார்க்கக் கற்றவர்கள் அண்மையைப் பார்க்கவும் கருவி தந்தார்கள். எந்த ஆராய்ச்சி எந்த வாசலை என்று அடையும் என்று முன்கூட்டிச் சொல்ல ஒருவராலும் ஆகாது. ஆகவே தொலைநோக்கியும் வேண்டும். வீடு வீடாகச் சென்று கேட்கும் மருத்துவத் தொண்டரும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளுவது அறிவுடைமை ஆகாது.

இரண்டுக்கும் இடையே பிணக்கு நேர்வதுண்டு. விண்மீனைப் பார்க்க இருள் வேண்டும். பிள்ளை படிக்கவும் பாம்பை மிதியாமல் நடக்கவும் விளக்கு வேண்டும். இதற்கும் வழி இருக்கிறது. ஒளி மேலே சிதறாமல் கீழ்நோக்கியே விழுமாறு விளக்குக்கு மூடி அமைத்தால், தெருவும் தெரியும், வானமும் தெரியும். மின்சாரமும் வீணாவதில்லை. இருவர் தேவையையும் கேட்டபின் செய்யும் புதுமையே நிலைக்கிறது.

இறுதியாக ஒன்று. அந்தக் கேள்வியின் விடையை அறிந்த பின்பு, ஒவ்வோராண்டும் மழை ஓய்ந்து பனி தொடங்கும் காலத்தில், வகுப்பில் ஒரு பாடம் நடத்துவதை வழக்கமாகக் கொண்டேன். கரும்பலகையில் மனித உருவம் வரைந்து, அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் புள்ளி வைப்பேன். வீட்டில் யாருக்கேனும் காய்ச்சல் கண்டால் இவ்விடங்களில் கரிய பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் தாமாக மருந்து உண்ணாமல் அன்றே மருத்துவரிடம் சென்று காட்டச் சொல்லுங்கள்; இல்லையென்றாலும் காய்ச்சல் நீடித்தால் காத்திராதீர்கள் என்று சொல்வேன். ஓராண்டு மார்கழியில், எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் பாட்டியின் முதுகின் கீழே அத்தகைய பொருக்கைக் கண்டாள். காட்டினால் வெட்கம் என்று பாட்டி மறுத்தாராம்; இவள் விடவில்லை. அன்று மாலையே கீழே இறங்கும் பேருந்தில் அழைத்துச் சென்றனர். ஐந்தாம் நாள் பாட்டி வீடு திரும்பினார். அடுத்த வாரம் ஒரு சிறிய துணிப்பையில் சாமை கொடுத்தனுப்பினார்.

அந்தச் சிறுமியிடம் எந்தக் கருவியும் இல்லை. 1948-இல் கோலாலம்பூரில் தொடங்கி, வேலூர் வழியே வந்த அறிவு, பள்ளியின் கரும்பலகையில் ஏறி, அவள் கண் வழியே அவ்வீட்டை அடைந்தது. கல்வியும் மருத்துவமும் அன்றாட வாழ்வும் வெவ்வேறு துறைகள் என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். அன்று அந்த வீட்டில் மூன்றும் ஒன்றாகவே இருந்தன.

தந்தையை இழந்த அந்த மாணவனின் தாயை மறுபடி சந்தித்தபோது இதைச் சொன்னேன். “கண்ணாடி இருக்கிறது அம்மா, வந்து சேரத் தாமதமாகிவிட்டது” என்றேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்து, “இனிமே வாறவங்களுக்காவது உதவட்டும்” என்றார். அந்தத் தாமதத்தைக் குறைப்பது ஆராய்ச்சியாளரின் கடமை மட்டும் அன்று. ஆசிரியர், மருத்துவர், செவிலியர், இவ்வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாங்கள், நான், எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. இன்று கேட்டதை, நாளை கொல்லைக்கோ காட்டுக்கோ செல்லும் ஒருவரிடம் சொல்வீர்களாயின், அந்தத் தொலைவில் ஓரடி குறையும்.